செல் இல்லாத ஒன்பது வீடுகள்

டீக்கடை பெஞ்சில் பூவராகவன் உட்கார்ந்துவிட்டால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அவர் மகனிடம்தான் வந்து நிற்கும். மழையே காணோமே என்று யாராவது அலுத்துக்கொண்டால்கூட, "மழை வர்றத முன்னாடியே செல்லுல பாத்துக்கலாமாம்பா, எம்புள்ள சொன்னான்" என்று அதை வளைத்துக்கொண்டு வந்துவிடுவார். காஞ்சிபுரம் செவிலிமேட்டுக் காலனியில் எல்லாருக்கும் இது மனப்பாடம். அவர் எழுந்துபோன பிறகு சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பில் விஷம் கிடையாது. சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷம் ஃபைல் தூக்கி, ஒரே பிள்ளையைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்த மனுஷன் கொஞ்சம் பீற்றிக்கொண்டால்தான் என்ன குறைந்துவிடும்?

"எந்தக் கம்பெனில வேல செய்யுது தம்பி?" என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டுவிட்டால் அவருக்குக் கொண்டாட்டம்.

"கம்பெனியெல்லாம் கெடயாதுபா. சொந்தமா செய்றான். செல்போனுக்கு சாஃப்ட்வேர் எழுதறான். வூட்லயே உக்காந்துக்கினு செய்ற வேல. எவங்கிட்டயும் கை கட்ட வாணாம். எவன் வூட்டு வாசல்லயும் போயி நிக்க வாணாம்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறுகும். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ராமராஜன் எழுதுவது செல்போனில் ஓடும் சின்னச் சின்ன புரோகிராம்கள். அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். முன்னறையில் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மேசை. அதன்மேல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாமான் சாமானாக வாங்கிவந்து அவனே பூட்டிய கம்ப்யூட்டர். ஜாவாவில் எழுதி முடித்து ஓட்டினால் திரையில் ஒரு பொய் செல்போன் வரும். பட்டன், திரை எல்லாம் அச்சு அசலாக இருக்கும். முதலில் அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் ஓடிவிட்டதே என்று நம்பி நிஜ போனில் ஏற்றினால் பத்துக்கு ஆறு போனில் படுத்துவிடும். ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு குணம். அத்தனை மாடலும் வாங்கி வைத்துக்கொள்ள அவன் என்ன பட்டு ஜவுளிக்கடை முதலாளியா?

பஸ் ஸ்டாண்டு பக்கம் செல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ராஜவேலு அவனோடு படித்தவன். ரிப்பேருக்கு வந்த போன்களில்தான் ராமராஜன் தன் புரோகிராம்களைப் போட்டுப் பார்ப்பான்.

"டேய், இது கணக்கு வாத்தியார் போனு. அதுல இருக்கற நம்பரு ஒண்ணு அழிஞ்சாலும் என்ன பெஞ்சு மேல ஏத்திடுவாரு" என்று கத்திக்கொண்டேதான் ராஜவேலு கொடுப்பான். கொடுக்காமல் இருந்ததில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று காட்டும் ஒரு புரோகிராம் எழுதினான். புளூடூத்தில் ஒருத்தரிடமிருந்து ஒருத்தராக வாங்கி, ஊரில் பாதிப் போனில் அது ஏறிவிட்டது. எழுதினது யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. பஸ்ஸில் பக்கத்து ஆள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ராமராஜன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வான். அதுதான் வருமானம். ஆடுபுலி ஆட்டம் ஒன்று எழுதினான். சென்னையில் ஒரு ஏஜென்சி வாங்கிப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்றது. பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டது.

அப்போதைய போன்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழில் அனுப்பினால் கட்டம் கட்டமாக வரும். ராமராஜன் விடவில்லை. எழுத்தையெல்லாம் படமாக வரைந்து புரோகிராமுக்குள்ளேயே வைத்துவிடுவது என்று முடிவு செய்தான். வரைந்தது அவன் மனைவி சுகாசினி. அவள் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யும் ஃபேக்டரியில் லைனில் நிற்பவள். காலை ஷிப்டுக்கு நாலரை மணிக்கே கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். லீவு நாளில் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, பதினாலு கட்டத்துக்குள் ஒரு எழுத்து என்று பென்சிலால் கட்டம் கட்டமாக அடைப்பாள்.

"இந்த 'ணை' வயிறு பெருசாகிப் பக்கத்து எழுத்த இடிக்குதுங்க."

"ஒரு கட்டம் கொறச்சிக்கோ."

"கொறச்சா பட்டினி கெடந்த மாதிரி இருக்குது."

இரண்டு பேரும் அதற்கே சிரிப்பார்கள். அந்த மாதங்களில் அந்த வீட்டில் கஷ்டம் இருந்தது, துக்கம் இல்லை.

துக்கம் 'அழைப்பு' என்ற புரோகிராமோடுதான் உள்ளே வந்தது. ஒரு செய்தியை அடித்துவிட்டால் போனில் இருக்கும் அத்தனை பேருக்கும் அதுவே அனுப்பிவிடும். காலனி மகளிர் குழுவுக்காக எழுதியதை ராஜவேலு கடையில் பார்த்துவிட்டு அப்பாதுரை வந்தார். ஜவுளி வியாபாரிகள் சங்கம் ஒன்றுக்குச் செயலாளர். சங்கத்தில் இருநூற்றுப் பதினாலு உறுப்பினர்கள். கூட்டம் என்றால் ஆள்விட்டுச் சொல்லி மாளவில்லை என்றார். விலை பேசி வாங்கினார். ராமராஜன் முதன்முதலாக விற்ற புரோகிராம் அது. அன்றைக்கு அவன் அம்மா அன்னம்மாள் கேழ்வரகு அடையில் முருங்கைக்கீரையை அள்ளிப் போட்டுச் சுட்டு மகனுக்குக் கொடுத்தாள்.

ஒரு சிக்கல் இருந்தது. போன் கம்பெனிகள் ஒத்துக்கொண்ட டிஜிட்டல் கையெழுத்து இல்லாத புரோகிராமைப் போன் நம்பாது. ஒவ்வொரு செய்தி வெளியே போகும்போதும், 'இந்தப் புரோகிராம் செய்தி அனுப்பப் பார்க்கிறது, விடலாமா?' என்று கேட்கும். ஆமாம் என்று அமுக்க வேண்டும். இருநூற்றுப் பதினாலு பேர் என்றால் இருநூற்றுப் பதினாலு தடவை. கையெழுத்து வாங்கப் பதிவு செய்த கம்பெனி வேண்டும், டாலரில் பணம் கட்ட வேண்டும். முன்னறையில் பீரோவுக்குப் பக்கத்தில் நடக்கும் கம்பெனிக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

சங்கத்தில் முதல் சாவு விழுந்த அன்று அப்பாதுரை போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னா தம்பி இது, ஒவ்வொருத்தருக்கும் கேட்டுக்கினே இருக்குது? நான் போயி மாலை வாங்குவனா, இத அமுக்கிக்கினு உக்காந்திருப்பனா?"

"குடுங்க சார், நானே அமுக்கிடறேன்" என்றான் ராமராஜன்.

அவன் செய்த தப்பு அவ்வளவுதான். தன் புரோகிராமின் குறையைத் தானே ஈடுகட்டுவதாக நினைத்தான். எந்தப் புரோகிராமரும் அப்படித்தான் நினைப்பான். ஆனால் எல்லாப் புரோகிராமரும் செவிலிமேட்டுக் காலனியிலிருந்து வருவதில்லை.

இரண்டாவது சாவுக்கு அப்பாதுரை நேரில் வரவில்லை, போன் செய்தார். மூன்றாவதற்குள், உறுப்பினர் நம்பரெல்லாம் ராமராஜன் போனிலேயே இருக்கட்டும் என்றாகிவிட்டது. மாதா மாதம் ஏதோ கொடுத்தார்கள். கூட்டத்துக்கெல்லாம் அவர்களே ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். சாவுக்கு மட்டும் ராமராஜன். நாலாவது சாவின்போது அப்பாதுரை இன்னொன்றும் சொன்னார்.

"தம்பி, செல் இல்லாத வூடு ஒம்போது இருக்குது. எல்லாம் வயசானதுங்க. உங்கிட்டதான் வண்டி இருக்குதே. போற வழில ஒரு கொரல் குடுத்துட்டுப் போயிடேன்."

வழி என்று எதுவும் இல்லை. வேலை வாசலைத் தாண்டுவதே இல்லையே! இருந்தும் டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு போனான். ஒன்பதாவது வீட்டில் ஒரு கிழவர், "சேதி கொண்டாந்தவன் வெறுங்கையோட போவக்கூடாதுபா" என்று பத்து ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார். அன்பாகத்தான் நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் ராமராஜன் வாங்கிக்கொண்டான்.

அந்தத் தாளைப் பார்த்துத்தான் சுகாசினி கேட்டாள். சொன்னான்.

"வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள்.

"சொன்னேன். உன்ன மாதிரி பொறுப்பா யாரு செய்வான்றாரு."

"பொறுப்பா! மாமாவுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்னு யோசிச்சிப் பாத்தீங்களா?"

அதை யோசிக்காமல் அவன் ஒரு வேளை சோறு தின்றதில்லை. பூவராகவன் அந்தக் கதையை யாரிடமும் சொன்னதில்லை. அன்னம்மாள்தான் மகனுக்கும் மருமகளுக்கும் ஒரு முறை சொல்லியிருக்கிறாள். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊர். ஊர்த்தெருவில் யார் செத்தாலும் காலனியிலிருந்து ஒரு ஆள் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு நடந்துபோய்ச் சேதி சொல்ல வேண்டும். அது பூவராகவன் வீட்டு முறை. கேட்காமலே தலையில் ஏற்றிய முறை. தெரு முனையில் செருப்பைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டி, வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும். பத்தொன்பது வயதில் பூவராகவன் முடியாது என்றார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருந்தார். புளியமரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். இடது காது அன்றைக்குப் போனதுதான், இன்றுவரை கேட்காது. காயம் ஆறுமுன்னே ஊரை விட்டு வந்தவர் திரும்பிப் போகவில்லை. பெற்ற தகப்பன் சாவுக்குக்கூடச் சுடுகாட்டுக்கு நேராகப் போய்விட்டு அப்படியே வந்துவிட்டார்.

"ஒரே வழிதான் இருக்குது" என்றான் ராமராஜன். "மெட்ராஸ்ல ஒரு கம்பெனி, வெளி ஆளுங்க எழுதினதுக்கும் அவங்க கையெழுத்துப் போட்டுத் தராங்களாம். அது கெடச்சிட்டா போன் ஒரு தடவதான் கேக்கும். அப்பாதுரை சாரு போன்லயே ஏத்திக் குடுத்துட்டு, நீங்களே ஒரு அமுக்கு அமுக்கிக்குங்கன்னு சொல்லிட்டு வந்துடுவேன். அப்பாவுக்குத் தெரியறதுக்குள்ள முடிச்சிடணும்."

"அந்த ஒம்போது வூடு?"

"வேல கைமாறிச்சின்னா அதுவும் கூடவே போயிடும்."

"கடவுள் கண்ணத் தொறக்கட்டும்" என்று சுகாசினி பென்சிலை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு ஒரு எழுத்தும் சரியாக வரவில்லை.

சென்னைக் கம்பெனி வரச்சொன்ன நாள் கத்திரி வெயிலின் நடுவில் வந்தது. காலை ஏழு மணிக்கே பாலாற்று மணல் பக்கமிருந்து அனல் அடித்தது. சுகாசினி ஷிப்டுக்குப் போயிருந்தாள். ராமராஜன் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பியபோது பூவராகவன் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். வலது காது மகன் பக்கம் இருக்கும்படிதான் எப்போதும் நடப்பார்.

"தைரியமா பேசுடா. நின்னுக்கினே பேசாத. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து பேசு."

"சரிப்பா."

"நீ எழுதினது எத்தினி பேரு போன்ல ஓடுதுன்னு சொல்லு. சங்கத்துக்காரங்க வாங்கினாங்களே, அதச் சொல்லு."

"சரிப்பா" என்று மறுபடி சொன்னான். முகத்தைப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்கு கரண்ட் போயிற்று. அந்த வருஷம் தினம் இரண்டு மணி நேரம் அப்படிப் போகும். அன்னம்மாள் வாசலோரம் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பூவராகவன் விசிறியும் கையுமாக இருந்தார். ஸ்கூட்டர் ஒன்று வந்து வேலிக்கு வெளியே நின்றது. அப்பாதுரை இறங்கவில்லை, என்ஜினையும் அணைக்கவில்லை.

"ராமராஜா! ஏ ராமராஜா!"

"யாருங்க சார்? உள்ள வாங்க. நான் அவன் அப்பா. அவன் மெட்ராஸ் போயிருக்கானே."

"அய்யய்யோ, இன்னிக்குப் பாத்தா போவணும்? போன் போட்டா ஆஃப்ல இருக்குது. பெரியவரே, எங்க சங்கத்துத் தலைவர் கைலாசம் இருக்காருல்ல, அவரு அம்மா சம்பூர்ணம்மா விடிகாலைல தவறிட்டாங்க. வெயில் காலம், ஒடம்பு தாங்காது. அஞ்சு மணிக்கு எடுக்கறாங்க. இன்னும் ஒருத்தருக்கும் சேதி போவல."

"அடடா" என்றார் பூவராகவன். சாவுக்கு வருத்தப்பட்டார். "அதுக்கு எம்புள்ள இன்னா சார் பண்ணணும்?"

அப்பாதுரைக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. "தம்பிதானே சேதி சொல்லுது? ஒரு வருசமா சங்கத்துல எந்தச் சாவுன்னாலும் தம்பிதான். உங்ககிட்டச் சொல்லலியா? அருமையா செய்யுது பெரியவரே. உங்க பேரக் காப்பாத்துது."

விசிறி நின்றது. சரியாகக் கேட்கவில்லையோ என்று அன்னம்மாள் புருஷனைப் பார்த்தாள். நன்றாகக் கேட்டிருந்தது.

"செல்லுலதானே சொல்றான்?" என்றார். கெஞ்சுவதுபோல இருந்தது.

"செல்லுலதான். செல் இல்லாத வூடு ஒம்போது. அதுங்களுக்கு மட்டும் நேர்ல போவும். செல்லு கூட பரவால்ல, தம்பி எங்க இருந்தாலும் போன எடுத்துச்சின்னா அனுப்பிடும். இந்த ஒம்போதுதான் தலவலி. கடப் பசங்க அத்தினி பேரும் பந்தலுக்கும் மாலைக்கும் ஓடிட்டாங்க." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தலைவர் வூட்டுச் சாவுக்கே சேதி போவலன்னா தம்பிய வாணான்னுடுவாங்க. ஒரு வருசமா செஞ்சது வீணாப் போயிடும். நான் ஒருத்தன் சொன்னா எடுபடுமா?"

அவர் யாரையும் மிரட்டவில்லை. அவர் நல்ல மனுஷன். ராமராஜன் கெட்டுவிடக் கூடாதே என்று நிஜமாகவே கவலைப்பட்டார். அதுதான் இதில் தாங்க முடியாத விஷயம். அடித்தவர்களிடம் முடியாது என்று சொல்லலாம், இவரிடம் என்னவென்று சொல்வது?

பூவராகவன் எழுந்து வேலி வரைக்கும் போனார். "அந்த ஒம்போது வூட்டு விலாசமும் இருக்குதா?"

"சீட்டு இருக்குதே."

"இப்பிடிக் குடுங்க."

ஸ்கூட்டர் போன பிறகு அன்னம்மாள் கருவாட்டு முறத்தை அப்படியே விட்டு உள்ளே ஓடினாள்.

"இன்னா பண்றீங்க? சட்டய எதுக்கு எடுக்கறீங்க?"

"வெளிய போறேன்."

"வாணாங்க. அவன் வரட்டும், கேட்டுக்கலாம்."

"அவன் வந்தா இன்னா கேக்கறது? வந்ததும் அவன் போவான். அதத்தானே ஒரு வருசமா போய்க்கினு இருக்கான்." பட்டன் துவாரத்தில் நுழையவில்லை. "நம்ம கண்ணெதிர்லயே போயிருக்கான் அன்னம்மா. தெனம் நான் டீக்கடைல உக்காந்துக்கினு இன்னா பேசினேன்!"

"நமக்குக் கேடு வரட்டும்னா செஞ்சான்? தெரியாத்தனமா மாட்டிக்கினான்."

"தெரியும். அதனாலதான் போறேன். இது போச்சின்னா அவன் ஒடஞ்சி போயிடுவான். சுகா வேற அத்தினி எழுத்து எழுதி வச்சிருக்குது."

"அன்னிக்கு வாங்கின அடி போதாதா ஒங்களுக்கு?"

பூவராகவன் செருப்பை மாட்டிக்கொண்டார். "அன்னிக்கு எனக்குப் புள்ள இல்ல" என்றார்.

அன்னம்மாள் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் அவர் தெருவில் இறங்கிவிட்டார். உச்சி வெயிலில் தார் ரோடு இளகிக்கிடந்தது. ஆட்டோவில் போகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் நடந்தேதான் போனார்.

சென்னையில் ராமராஜன் ஏசி அறையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தான். உள்ளே வரும்போதே போனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். கூப்பிட்டபோது நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசினான். எதிரே இருந்தவன் அவனைவிடச் சின்னவன், மரியாதையாகவே பேசினான். தமிழ் எழுத்துப் படங்களைத் திரையில் பார்த்துவிட்டு, "இத யாரு டிசைன் பண்ணாங்க?" என்று வியந்தான்.

"என் வைஃப்."

"சூப்பர். யார் யூஸ் பண்றாங்க இந்த ஆப்ப?"

"ஒரு சங்கம். மெம்பர்ஸுக்குத் தகவல் சொல்ல."

"என்ன மாதிரி தகவல்?"

"மீட்டிங்" என்றான் ராமராஜன்.

எதிரே இருந்தவன் தலையாட்டினான். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னான். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால்தான் கையெழுத்து. அப்படியே செய்தாலும் மொத்தமாகச் செய்தி அனுப்பும் புரோகிராமுக்கு இப்போது போடுவதில்லை; விளம்பரத் தொல்லை என்று புகார் வருகிறதாம். "அதில்லாம இந்த மாதிரி போனே இன்னும் ரெண்டு வருஷந்தான் பாஸ். டச் ஸ்கிரீன் வருது. வேற ஏதாவது கத்துக்கோங்க."

வாசலுக்கு வந்து போனை உயிர்ப்பித்தான். முப்பத்தொரு தடவை அப்பாதுரை கூப்பிட்டிருந்ததாக மெசேஜ் வந்தது. திரும்பக் கூப்பிட்டதும் அவர் சாவை மட்டும் சொன்னார். சாவு வீட்டில் அவர் பெண்டாட்டி பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள், வேறு யாரோ அவரை இழுத்தார்கள், போனை வைத்துவிட்டார்.

காஞ்சிபுரம் பஸ்ஸில் உட்கார்ந்து ராமராஜன் செய்தியை அடித்தான். அமுக்க ஆரம்பித்தான். விடலாமா, ஆமாம். விடலாமா, ஆமாம். பூந்தமல்லி தாண்டும்போது எழுபது ஆகியிருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, கேம் ஆடறியா?"

"ஆமாங்க."

"எம்பையனும் இப்பிடித்தான். எந்நேரமும் தட்டிக்கினே இருப்பான்."

ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றிருந்தன. அதில் எதிலோ சுகாசினி ஏறிக்கொண்டிருப்பாள். அவளிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது விரல் நின்றது. பிறகு தானாகவே அமுக்கிற்று. ராஜகுளம் வருவதற்குள் இருநூற்றுப் பதினாலும் முடிந்துவிட்டது.

மூன்றரை மணிக்கு ராஜவேலு கடையில் நிறுத்தியிருந்த வண்டியை எடுத்தான். "ஆச்சாடா?" என்றான் ராஜவேலு. இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினான். ஒன்பது வீடும் மனப்பாடம். முதல் வீடு தனியாக இருக்கும் வடிவம்மா, கண் மங்கலானவள். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தியதும் சத்தம் கேட்டு வந்தாள்.

"தெரியுமேபா, சம்பூர்ணந்தானே? மத்தியானமே வந்து சொல்லிட்டாரே ஒரு பெரியவரு."

"யாரும்மா?"

"யாருன்னு கண்டேன்? பாவம், வயசானவரு. தெருவுல நின்னே கொரல் குடுத்தாரு. நல்ல கொரலு. உள்ள வந்து ஒரு நிமிசம் உக்காந்துட்டுப் போங்கன்னா வரல. தண்ணியாவது குடிங்கன்னு சொம்ப நீட்டினேன். சொம்ப வாங்கல, குனிஞ்சி ரெண்டு கையையும் ஏந்திக்கினாரு. ஊத்தினேன். குடிச்சிட்டுப் போனாரு."

ராமராஜன் இரண்டாவது வீட்டுக்குப் போனான். அங்கேயும் சொல்லியாயிற்று. மூன்றாவது வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தினவன் யாரையும் கூப்பிடாமல் சற்று நேரம் நின்றான். பிறகு வீட்டுக்குத் திருப்பினான். வழியில் எதிர் வந்த லாரியை அவன் பார்க்கவேயில்லை. லாரிக்காரன்தான் ஒதுங்கிக்கொண்டு திட்டினான்.

வீட்டில் பூவராகவன் முன்னறையில் மகனுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கீழே அலுமினிய பேசினில் தண்ணீர். அதற்குள் இரண்டு பாதமும். அன்னம்மாள் சோற்றுக்கற்றாழையைக் கீறி வைத்துக்கொண்டு தரையில் இருந்தாள். அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்த சுகாசினி, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் சுவரோரம் நின்றாள். அவள் அழுதிருந்தாள். கருவாட்டுக் குழம்பு அடுப்பில் ஆறிக்கிடந்தது, யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

ராமராஜன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"வாடா" என்றார் பூவராகவன். கோபமே இல்லை அந்தக் குரலில். "எட்டு வூட்ல சொல்லிட்டேன். செட்டித் தெரு வூடு மட்டும் பூட்டிக் கெடந்துது. பக்கத்து வூட்ல சொல்லி வச்சிருக்கேன். கேட்டாங்கன்னா அப்பிடியே சொல்லு. போன வேல இன்னா ஆச்சி?"

"ஆவலப்பா."

"ஒக்காந்துதானே பேசின?"

"ஆமாப்பா."

"அது போதும்."

ராமராஜன் வந்து பேசின் பக்கத்தில் மண்டிபோட்டான். "என்ன அடிங்கப்பா" என்றான். "ரெண்டு அடியாவது அடிங்க." அவர் மகனுடைய தலையில் கை வைத்தார். அன்னம்மாள் ஒரு பாதத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கி மடியில் வைத்தாள். பாதம் முழுக்கக் கொப்புளம். குதிகாலில் தோல் உரிந்து வந்திருந்தது.

"செருப்பு இன்னாப்பா ஆச்சி? போட்டுக்கினு போவலியா?"

"போட்டுக்கினுதான் போனேன்."

"அப்புறம் எப்பிடி?"

"மொதத் தெரு முனையில கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்கினேன் போல."

"யாரு கழட்டச் சொன்னது? யாருப்பா சொன்னது? சொல்லுங்க" என்று ராமராஜன் கத்தினான். யாராவது ஒருத்தர் பெயரை அவர் சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்று இருந்தது அவனுக்கு.

"யாரும் சொல்லலடா. எல்லாம் நல்ல மாதிரியாத்தான் பேசினாங்க. ஒரு அம்மா உள்ள வந்து உக்காரச் சொன்னாங்க." பூவராகவன் தன் காலை யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். "செருப்பு கக்கத்துல இருக்குதுன்றதே ஆறாவது வூட்லதான் எனக்குத் தெரிஞ்சிது. அப்பவாவது கீழ போட்டு மாட்டிக்கினு இருக்கலாம். மிச்ச மூணு வூட்டுக்கும் அப்பிடியேதான்டா போனேன்."